ரைடிங் ஸ்கூல் குதிரையை வாங்கி வளர்ப்பது எப்படி: இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரு ரைடிங் ஸ்கூல் மூடப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், சனிக்கிழமை காலையில் அங்கே வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் வீடுகளில் அழுகை ஆரம்பித்துவிடும். "அந்த போனியை நாமே வாங்கிடலாமா அப்பா?" என்ற கேள்வியும் கூடவே வரும். கோவிட்டுக்குப் பிறகு இப்படி மூடிய பள்ளிகள் நிறைய. இன்சூரன்ஸ், ஹே (காய்ந்த புல்) விலை, வேலைக்கு ஆள் கிடைக்காதது, நிலத்தின் வாடகை என்று காரணங்கள் பல. மூடாத பள்ளிகளும் வயதான குதிரைகளையும் வேலை சலித்துப்போன குதிரைகளையும் அவ்வப்போது விற்கும், சிலதைச் சும்மாவே கொடுக்கும். ஹாரோ, குரோய்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் சிலர் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இதில் வரும் சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாமே இதிலிருந்துதான் வரும். ஸ்கூலில் நீங்கள் பார்க்கும் குதிரை அந்த ஸ்கூல் வேலை உண்டாக்கிய குதிரை. தினமும் இரண்டு மூன்று மணி நேர வேலை, முன்னால் ஒரு குதிரை பின்னால் ஒரு குதிரை, அளந்த தீனி, மணி அடித்தாற்போல ஒரே ஒழுங்கு, இவை எல்லாம் சேர்ந்துதான் பிள்ளை எப்படி உட்கார்ந்தாலும் பேசாமல் நடக்கும் அந்தச் சாதுவான போனி. அதைக் கூட்டிவந்து நல்ல பசும்புல் வயலில் விட்டு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சவாரி செய்தால் மூன்று மாதத்தில் உங்களிடம் இருப்பது வேறு ஒரு போனி. குண்டாக, துள்ளலாக, வயல் வாசலைத் தாண்ட மறுக்கும் போனி. "விற்றவர் ஏமாற்றிவிட்டார்" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்காவது நடந்தது இதுதான், யாரும் ஏமாற்றவில்லை. ஆகவே "இந்தக் குதிரை நல்ல குதிரையா?" என்று கேட்பதைவிட "இதன் வேலை மாறும்போது எதெல்லாம் மாறும், அதை நான் சமாளிப்பேனா?" என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

முதலில், வாங்காமலே முடியுமா என்று பாருங்கள்

ஸ்கூல் மூடவில்லை, குதிரையை மட்டும் விற்கிறார்கள் என்றால் வொர்க்கிங் லிவரி கிடைக்குமா என்று கேளுங்கள் (லிவரி என்றால் கட்டணத்துக்குக் குதிரையை நிறுத்திவைக்கும் இடம்). குதிரை உங்களுடையது, இருப்பது அதே ஸ்கூலில், வாரத்தில் இத்தனை மணி நேரம் அவர்கள் வகுப்புக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள், அதற்கு ஈடாக உங்கள் மாதக் கட்டணத்தைக் குறைப்பார்கள். குதிரைக்கு இடமும் மாறாது, வேலையும் அதிகம் மாறாது. முதல்முறை குதிரை வைத்துக்கொள்கிறவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சனி ஞாயிறில் யாருக்கு முன்னுரிமை, வகுப்பில் காயம்பட்டால் வெட் (கால்நடை மருத்துவர்) செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் முதல் பள்ளி விடுமுறையிலேயே சண்டை வரும்.

இன்னொரு வழி லோன். உரிமை அவர்களிடமே இருக்கும், வளர்ப்பும் செலவும் உங்களுடையது. ஆறு மாதம் லோனில் வைத்திருந்து, சரிப்பட்டால் வாங்குவது என்று முதலிலேயே விலையைப் பேசி எழுதிக்கொள்ளலாம். மாதிரி ஒப்பந்தம் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியிடம் கிடைக்கும். மூடப்போகிற ஸ்கூல்கள் இதற்கு ஒத்துக்கொள்வது கஷ்டம், அவர்களுக்குக் கைக்காசு வேண்டும், குதிரை திரும்பி வந்தால் நிறுத்த இடமும் இருக்காது. அதுவும் இல்லையென்றால் வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர், ரெட்விங்ஸ் போன்ற தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் குதிரையைக் கொடுத்தாலும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள், இடத்தை வந்து பார்ப்பார்கள், உங்களால் முடியாத நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஒரு குதிரையை விற்க அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எந்தக் குதிரை, யாருக்கு

இங்கே உயரத்தை ஹேண்டில் சொல்வார்கள், ஒரு ஹேண்டு 4 அங்குலம். 14.2 என்றால் 14 ஹேண்டு 2 அங்குலம், தசமம் இல்லை. அதுவரை, அதாவது 148 செ.மீ. வரை, போனி. பிள்ளைக்கு இப்போது கச்சிதமாக இருக்கும் போனியை வாங்கினால் இரண்டு வருடத்தில் கால் தொங்கும். வெல்ஷ் செக்‌ஷன் ஏ என்ற அழகான குட்டி வகை 12 ஹேண்டுக்கு மேல் போகாது, பத்து வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கும்போது யோசிக்கவும். அம்மாவும் பிள்ளையும் மாறி மாறிச் சவாரி செய்ய வேண்டுமென்றால் 14 ஹேண்டைச் சுற்றிய தடித்த காப் வகைதான் தோது. எடைக்கு ஒரு தோராயக் கணக்கு: ஆள், சேணம், உடுப்பு எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வயதான குதிரைக்கு அதைவிடக் குறைவாக. 300 கிலோ போனி என்றால் 60 கிலோதான் உச்சம், அதில் சேணமே ஐந்தாறு கிலோ போய்விடும்.

வயதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஸ்கூலிலிருந்து வருபவை பெரும்பாலும் பதினைந்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், போனிகள் 25, 30 வயதுவரை வாழ்வது சாதாரணம். முதல் குதிரை வாங்குகிறவருக்கு 6 வயதுக் குதிரையைவிட 16 வயதுக் குதிரை பல மடங்கு மேல். ஆனால் இருபதை நெருங்கினால் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் நோய்க்கு ஈடு கொடுக்காது, விபத்துக்கு மட்டும்தான் என்று சுருக்கிவிடும். வெட் செலவுக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்க முடியுமா என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

ஸ்கூலிடம் கேட்க வேண்டியவை

தனி ஆளிடம் வாங்குவதைவிட ஸ்கூலிடம் வாங்குவதில் ஒரு பெரிய வசதி உண்டு, பதிவேடுகள் இருக்கும். 2018ஆம் ஆண்டின் விலங்கு உரிம விதிகளின்படி கட்டணத்துக்குக் குதிரைச் சவாரி கொடுக்கிற இடம் கவுன்சிலில் லைசன்ஸ் வாங்கியிருக்க வேண்டும், அந்தக் குதிரைகளை வருடம் ஒருமுறை வெட் வந்து பார்க்க வேண்டும். அந்த அறிக்கையில் உங்கள் குதிரையைப் பற்றிய பகுதியைக் கேளுங்கள். "லேசான வேலைக்கு மட்டும்", "கேன்டர் (பாய்ச்சல் ஓட்டம்) வேண்டாம்", "இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தால் விற்பதற்கான காரணம் அங்கேயே இருக்கிறது.

அப்புறம் வாராந்திர வேலைக் கணக்கு. நாளைக்கு எத்தனை மணி நேரம், யார் ஏறுகிறார்கள், புதியவர்களா பழகியவர்களா, கடைசியாக யார் எப்போது விழுந்தார்கள். ஸ்கூல்களில் விபத்துப் பதிவேடு வைத்திருப்பார்கள், பிள்ளைகள் விழுவது சாதாரணம், அதைக் கண்டு மிரளாதீர்கள். ஒரே குதிரை, ஒரே மூலை, ஒரே மாதிரி விழுகை என்று வந்தால் மட்டும் கவனிக்கவும். மருந்து ஏதாவது கொடுக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள்: வலிக்கு ப்யூட் அல்லது டானிலான், குஷிங்ஸ் என்ற ஹார்மோன் நோய்க்குத் தினசரி பெர்கோலைடு மாத்திரை. மாத்திரையில் இருக்கும் குதிரை என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அது வாழ்நாள் முழுக்க மாதாமாதம் வரும் செலவு, அதற்குத் தக்கபடி விலை பேசுங்கள்.

தீனியை "கொஞ்சம் ஹே, கொஞ்சம் நட்ஸ் (உருண்டைத் தீவனம்)" என்று சொன்னால் விடாதீர்கள். என்ன பை, எந்த அளவுக் கரண்டி, நாளைக்கு எத்தனை முறை, ஹேயா ஹேலேஜா (ஈரத்தோடு கட்டிவைத்த புல்), வயலில் எத்தனை மணி நேரம், யாரோடு. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். உங்கள் போனிக்கு அங்கே ஒரு உயிர்த் துணை இருந்து, அதை விட்டுப் பிரித்தால் முதல் இரண்டு வாரம் வேலி ஓரமாகவே நடந்து கத்திக்கொண்டிருக்கும். மூடுகிற ஸ்கூல் என்றால் அந்தத் துணையை யார் வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டும் ஒரே லிவரிக்கு வர வழி இருந்தால் பாதித் தலைவலி போச்சு.

பார்க்கப் போகும் நாள்

குதிரையைப் பிடித்துச் சேணம் போட்டு வைக்க வேண்டாம், நாங்களே பிடித்துக்கொள்கிறோம் என்று முன்பே சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். போனதும் சேணம் இருக்கும் இடத்திலும் வாரின் இடத்திலும் கையை வைத்துப் பாருங்கள். ஈரமாகவோ, வேர்வை காய்ந்து மொரமொரப்பாகவோ இருந்தால் ஏற்கெனவே வேலை வாங்கியிருக்கிறார்கள். ஸ்கூல் நாளில் அது தப்பில்லை, காலை வகுப்பு இருந்திருக்கும். ஆனால் வேலை முடித்துக் களைத்த குதிரையைப் பார்த்து "எவ்வளவு அமைதி!" என்று மயங்கக் கூடாது. வகுப்பில்லாத நாளின் மறுநாள் காலையில் இன்னொரு முறை வரக் கேளுங்கள்.

லாயத்திலிருந்து வெளியே வரும் முதல் பத்து அடியைப் பார்க்கத் தவறாதீர்கள். மூட்டு தேய்ந்த குதிரை அந்தப் பத்து அடியில்தான் உண்மையைச் சொல்லும். பின்னங்கால் நுனி தரையைத் தேய்க்கும், திரும்பும்போது குட்டி குட்டியாகக் காலை எடுத்து வைக்கும், பத்து நிமிடம் நடந்தால் எல்லாம் மறைந்துவிடும். இரண்டு முன்னங்காலும் சமமாக வலிக்கிற குதிரை நொண்டவே நொண்டாது, நடைதான் குறுகிப்போயிருக்கும். கெட்டியான தரையில் சிறிய வட்டமாக நடத்தச் சொன்னால் ஓரளவு தெரியும்.

பிறகு உடம்பு. தோள்முகட்டின் இரு பக்கமும், சேணத்துக்குக் கீழேயும் வெள்ளை முடித் திட்டுகள் இருக்கிறதா பாருங்கள். கறுப்பு அல்லது செம்பட்டைக் குதிரையில் பளிச்சென்று தெரியும். பொருந்தாத சேணம் என்றோ அழுத்தி, முடியின் வேர் செத்து, வெள்ளையாக முளைத்த இடம் அது. சில ஸ்கூல்களில் ஒரே சேணத்தை இரண்டு மூன்று குதிரைக்கு மாற்றிப் போடுவார்கள். பழைய தழும்பு மட்டும் என்றால் பரவாயில்லை. முதுகுத்தண்டின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போகும்போது குதிரை முதுகைக் குழித்தாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ, வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்பினாலோ, வலி இன்னும் இருக்கிறது. "அது அப்படித்தான், சேட்டை" என்று சிரிப்பார்கள். நம்ப வேண்டாம்.

குளம்பில் கிடைக்கோடுகளாக வளையங்கள் தெரியும். அவை முன்னால் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தால் எப்போதோ லேமினைட்டிஸ் வந்து போயிருக்கிறது, குளம்புக்குள் வரும் அந்த நோய்தான் இந்த நாட்டில் போனிகளின் பெரிய எதிரி. கழுத்தின் மேல்விளிம்பு கெட்டியாக, பிடித்தால் அசையாத கொழுப்பாக இருந்தாலும் அதே சந்தேகம். கோடையிலும் முடி உதிராமல் சுருண்டு நீளமாக இருந்தால் குஷிங்ஸ். குளிர்காலத்தில் வாங்குகிறவர்கள் வாலின் அடிப்பகுதியையும் பிடரியையும் விலக்கிப் பார்க்கவும். ஸ்வீட் இட்ச் என்ற, மிட்ஜ் எனும் குட்டிப் பூச்சி கடிப்பதால் வரும் ஒவ்வாமை உள்ள குதிரை கோடை முழுக்க மரத்தில் தேய்த்துத் தேய்த்து முடியைத் தேய்த்திருக்கும். டிசம்பரில் அது வெறும் குட்டை முடியாக மட்டும் தெரியும்.

சவாரி. முதலில் அவர்கள் ஆள் ஏறட்டும், அவர்கள் ஏறத் தயங்கினால் நீங்கள் ஏறவே வேண்டாம். உங்கள் பிள்ளை ஏறும்போது பயிற்சியாளரை வாயே திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூல் போனிகள் பல, மேலே இருப்பவரின் காலைக் கேட்டு ஓடுவதில்லை. நடுவில் நிற்பவர் "அண்ட் ட்ரோட்" என்று சொன்னதும் ஓடும், குரல் இறங்கினால் நிற்கும், முன்னால் போகும் வாலைப் பார்த்துத் திரும்பும். வாரக்கணக்காக "நல்லா ஓட்டறா என் பொண்ணு" என்று நினைத்திருப்போம், ஓட்டியது பயிற்சியாளரின் குரல். குரல் இல்லாமல், வேறு குதிரை இல்லாமல், தனியாக மைதானத்தில் இரண்டு முறை வட்டமடிக்க முடிகிறதா, நடுவுக்கு வந்து "வகுப்பு முடிந்தது" என்று நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமில்லை, உங்களுக்கு எவ்வளவு வேலை பாக்கி என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் யார்டு (லாயங்கள் இருக்கும் வளாகம்) வாசலைத் தாண்டித் தனியாக வெளியே போய்ப் பார்க்க வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் ஏறி. பத்து வருடம் வரிசையில் மட்டுமே நடந்த குதிரைக்குத் தனியாகப் போவது என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. வாசல் வரை ஆட்டுக்குட்டி மாதிரி வரும், சாலை ஆரம்பிக்கும் இடத்தில் நாலு காலையும் ஊன்றிவிடும். தட்டினால் பின்னாலே நடக்கும், இன்னும் தட்டினால் சுழன்று வீட்டைப் பார்க்க ஓடும். சாலையில் கார், டிராக்டர், சைக்கிள் கூட்டம் எல்லாம் எப்படி என்றும் பார்க்கவும். 2022இல் மாறிய நெடுஞ்சாலை விதித்தொகுப்பு குதிரையைக் கடக்கும் வண்டி மணிக்கு 10 மைலுக்குள், குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்கிறது. எல்லா ஓட்டுநரும் அதைப் படித்திருக்கிறார்கள் என்று நம்பிக் குதிரை வாங்காதீர்கள்.

கிளம்பும் முன் இன்னும் சிலதைப் பார்த்துவிடுங்கள். வயலில் விட்டால் திரும்பப் பிடிக்க முடிகிறதா, நாலு காலும் தூக்கித் தருகிறதா, டிரெய்லரில் ஏறுகிறதா, பக்கத்து லாயக் குதிரையை வெளியே கூட்டிப்போனால் தனியாக நிற்கிறதா. கடைசியை ஸ்கூலில் யாரும் சோதித்தே இருக்க மாட்டார்கள், அங்கே எப்போதும் கூட்டம்தானே.

வெட் பரிசோதனை

ஐந்து கட்ட வெட்டிங் என்று கேளுங்கள். நின்றபடி பரிசோதனை, கையில் பிடித்து நடை, சவாரியில் வேலை, ஓய்வு, மறுபடி நடை. மொத்தம் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும், சில நூறு பவுண்டு செலவாகும். குதிரையின் விலைக்கு இது அதிகம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். 1,500 பவுண்டு போனிக்கும் 15,000 பவுண்டு குதிரைக்கும் நொண்டினால் வரும் பில் ஒன்றுதான். ஸ்கூலுக்கு வழக்கமாக வரும் வெட்டையே அழைக்காதீர்கள், அவரே வர மறுப்பார் பெரும்பாலும். ரத்தம் எடுத்து ஆறு மாதம் பத்திரப்படுத்தி வைப்பார்கள். பிற்பாடு சந்தேகம் வந்தால் வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்திருந்தார்களா என்று அதில் பார்க்கலாம்.

பதினைந்து வருடம் உழைத்த குதிரை சுத்தமாகத் தேறாது. முழங்காலில் வீக்கம், காலை வளைத்துப் பிடித்திருந்துவிட்டு ஓடவிட்டால் இரண்டு அடி நொண்டல், லேசான இதய முணுமுணுப்பு என்று ஏதாவது இருக்கும். வெட்டிடம் "பாஸா ஃபெயிலா?" என்று கேட்டால் பயன் இல்லை. "வாரத்தில் மூன்று நாள், 45 கிலோ பிள்ளை, நடையும் ட்ரோட்டும், சின்னத் தாண்டல், இதற்கு ஆகுமா?" என்று கேளுங்கள். 15 வயதுக்கு மேல் என்றால் குஷிங்ஸுக்கான ஏ.சி.டி.எச். ரத்தப் பரிசோதனையையும், புதிய யார்டு கேட்கும் என்பதால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் முடித்துவிட்டால் இன்னொரு விசிட் காசு மிச்சம்.

பணமும் காகிதமும்

குதிரைக்கும் பாஸ்போர்ட் (அதன் அடையாளப் புத்தகம்) உண்டு, அது இல்லாமல் இங்கே குதிரையை விற்பதே சட்டவிரோதம். வாங்கும் அன்றே கைக்கு வர வேண்டும், "தபாலில் அனுப்புகிறோம்" என்றால் பணமும் தபாலில் வரும் என்று சொல்லுங்கள். 2020 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் எல்லாக் குதிரைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். வெட்டிங்கின்போது சிப்பை ஸ்கேன் செய்து பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லவும். வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆனால் பாஸ்போர்ட் உரிமைக்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் ரசீதும் ஒப்பந்தமும்தான். ஸ்கூல் கடனில் மூடுகிறது என்றால், இந்தக் குதிரை உண்மையில் ஸ்கூலுடையதா, இல்லை வேறு யாரோ வொர்க்கிங் லிவரியில் விட்டதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் அவர்கள் வாயால் சொன்னதெல்லாம் வர வேண்டும்: வயது, போக்குவரத்தில் பயமில்லை, லேமினைட்டிஸ் வந்ததில்லை, மருந்து இல்லை. தொழிலாக விற்பவரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும், குறை இருந்தால் முதல் 30 நாளில் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர் பொய் சொன்னார் என்று காட்ட வேண்டியது உங்கள் பாடு. ஸ்கூல் ஒரு தொழில்தான் என்றாலும் ரசீதை ஸ்கூல் பெயரில் வாங்குங்கள், உரிமையாளரின் சொந்தப் பெயரில் வேண்டாம்.

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஒருநாள்கூட இருக்காதீர்கள். உங்கள் குதிரை சாலையில் ஓடி ஒரு காரில் மோதினால் பில் உங்களுக்கு. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் கோல்டு உறுப்பினர் திட்டத்திலேயே அது சேர்ந்து வரும். மாதச் செலவில் லிவரிதான் பெரியது, முழு லிவரி என்றால் லண்டன் ஓரத்தில் ஒரு சிறிய அறை வாடகையையும் தாண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கட்டுபவர், நாலு காலுக்கும் லாடம் என்றால் நூறு பவுண்டை ஒட்டி. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஃபேரியர் மட்டும்தான் லாடம் அடிக்கலாம், யார்டில் யாரோ மலிவாக அடித்துத் தருவதாகச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பல், தடுப்பூசி, புழுப் பரிசோதனை தனி.

இடமும் பயணமும்

தனிக் குதிரை வைக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் வயல் இருக்கிறது என்றாலும் இரண்டாவது ஒன்று வேண்டும். அரசின் நலக் கையேடு, வேறு தீனி கொடுக்காவிட்டால் ஒரு குதிரைக்கு 0.5 முதல் 1 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் என்கிறது. வயலில் மஞ்சள் பூக்கும் ராக்வார்ட், ஓரத்தில் சிக்கமோர் மரம், யூ மரம் இருக்கிறதா பாருங்கள், எல்லாமே குதிரைக்கு விஷம். சிக்கமோர் விதை இலையுதிர் காலத்திலும், முளைத்த கன்று வசந்த காலத்திலும் குதிரையைக் கொல்லும்.

இழுத்து வர, 2021 டிசம்பருக்குப் பிறகு சாதாரண கார் லைசன்ஸ் உள்ளவரே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம், தனித் தேர்வு தேவையில்லை. சட்டம் விடுகிறது என்பதற்காக முதல் பயணத்திலேயே உயிருள்ள குதிரையை வைத்து இழுத்துப் பழக வேண்டாம், ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பழைய ஸ்கூலிலிருந்து இரண்டு மூன்று கட்டு ஹே விலைக்கு வாங்கி வாருங்கள், புது ஹேயோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். வந்ததும் மூன்று வாரம் மற்ற குதிரைகளோடு மூக்கு உரசாத இடத்தில், தனி வாளி, தனி பிரஷ். காலை மாலை வெப்பநிலை எடுத்து எழுதுங்கள், 38.5 டிகிரியைத் தாண்டினால் வெட்டைக் கூப்பிடவும். ஸ்ட்ராங்கிள்ஸ் ஒரு யார்டுக்குள் நுழைந்தால் மாதக்கணக்கில் வாசலைச் சாத்த வேண்டியிருக்கும், புதிதாக வந்தவர் நீங்கள் என்றால் பழி யார் மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் மூன்று மாதம்

நம் ஊரில் குதிரை என்றால் கொள்ளு. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று பழமொழியே இருக்கிறது. இங்கே போனிக்குப் புல்லே அதிகம். நாளைக்கு உடலெடையில் 2 சதவீதம் ஹே என்பது சாதாரண அளவு, இளைக்க வேண்டியதற்கு 1.5 சதவீதம், அதற்குக் கீழே வெட் சொல்லாமல் போகக் கூடாது. ஸ்கூலில் கொடுத்த நட்ஸை வேலை குறைந்த நாளிலிருந்தே குறைத்துவிடுங்கள், பாதி வேலைக்கு முழுத் தீனி போட்டால் அந்தச் சக்தி பிள்ளையை முதுகிலிருந்து எறிவதில்தான் போகும். எடை டேப் ஒன்று வாங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள். கண்ணை நம்பாதீர்கள், தினமும் பார்க்கிற குதிரை பெருப்பது தெரியாது. புல் செழித்து வளரும் ஏப்ரல், மே மாதத்தில் வாங்கினால் இது இரட்டிப்பாகப் பொருந்தும், முடிந்தால் அந்த மாதங்களில் வாங்கவே வேண்டாம்.

"பாவம், இத்தனை வருஷம் உழைச்சுது, ஒரு மாசம் ரெஸ்ட் கொடுப்போம்" என்று எல்லோருக்கும் தோன்றும். களைத்த குதிரைக்குச் சில நாள் ஓய்வு நல்லது, ஒரு மாதம் வேண்டாம். வேலை நின்றதும் மூட்டு இறுகும், தசை கரையும், மனசுக்கும் வேறு வேலை கிடைக்கும். வாரத்தில் நாலைந்து நாள், அரை மணி நேரமாவது, சவாரியாகவோ கையில் பிடித்து நடையாகவோ போகட்டும். வெளியே போவதைப் படிப்படியாகக் கற்றுக்கொடுங்கள். முதலில் நிதானமான இன்னொரு குதிரைக்குப் பின்னால், பிறகு பக்கத்தில், பிறகு முன்னால், கடைசியில் ஒருவர் நடந்து கூட வர, அப்புறம் தனியாக. பழைய ஸ்கூலின் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து பாடம் எடுக்கச் சம்மதித்தால் முதல் சில வாரத்துக்கு அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். போனிக்குத் தெரிந்த குரல் ஒன்றாவது இருக்கும்.

இன்னொன்றும் நடக்கும். காலால் எத்தனை உதைத்தாலும் அசையாத போனி, ஒரே ஆள் மென்மையாக ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் தொட்டாலே ஓடும். நல்ல விஷயம்தான், ஆனால் உதைத்தே பழகிய பிள்ளை பழைய வேகத்தில் உதைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். போனியோடு சேர்த்துப் பிள்ளைக்கும் பாடம் தேவை. சேணத்தைப் புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள், உடம்பின் வடிவம் இந்த மூன்று மாதத்தில் மாறும். இருப்பதைப் பொருத்துபவரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டு, பிறகு வாங்கலாம்.

சும்மா வருகிற குதிரை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். குதிரையாக இருந்தால் பல்லை மட்டுமில்லை, நாலு காலையும் பிடித்துப் பார்க்க வேண்டும். சவாரிக்கு ஆகாது, துணைக்கு மட்டும் என்று கொடுக்கப்படும் குதிரைக்கும் லாடம், பல், வெட், ஹே எல்லாம் சவாரிக் குதிரைக்கு ஆகிற செலவுதான். சவாரி மட்டும் இல்லை. உங்கள் போனிக்குத் துணை தேவைப்பட்டால் இது நல்ல ஏற்பாடு, வேறு காரணத்துக்காக என்றால் இரண்டு முறை யோசிக்கவும்.

கொடுக்கிற பக்கத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது ஸ்கூல் நடத்துபவர்களுக்கு, இதே விஷயம் இன்னும் முக்கியம். "நல்ல வீட்டுக்கு இலவசம்" என்று விளம்பரம் போட்டால் முதலில் கூப்பிடுகிறவர்களில் வியாபாரிகளும் இருப்பார்கள். நொண்டிக் குதிரையை வாங்கிப்போய், ப்யூட் கொடுத்து, அடுத்த வாரமே "பிள்ளைகளுக்கு ஏற்றது" என்று விற்பது இங்கே தெரிந்த மோசடி. உரிமையை மாற்றாமல் லோனில் கொடுங்கள், இடத்தைப் போய்ப் பாருங்கள், நல்ல வீடு கிடைக்காத, வலியோடு இருக்கிற 26 வயதுக் குதிரைக்கு வெட்டை அழைத்து வலியில்லாமல் முடித்துவைப்பதும் ஒரு பொறுப்பான முடிவுதான். அந்தச் செலவை, உடலை அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்து, வாங்குகிறவரும் முதல் நாளே தனியாக எடுத்துவைக்க வேண்டும். ப்யூட் கொடுத்த குதிரை உணவுச் சங்கிலிக்குள் போகக் கூடாது, பாஸ்போர்ட்டில் அதற்கான பகுதியில் கையெழுத்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வளர்ந்த பிறகு

போனியைவிடப் பிள்ளை பெரிதாகும் நாள் வரும். அப்போது விற்கலாம், ஆனால் விற்ற பிறகு அது யாரிடம் போகிறது என்பதில் உங்களுக்குச் சொல் கிடையாது. "விற்பதாக இருந்தால் முதலில் எங்களிடம் கேளுங்கள்" என்று ஒப்பந்தத்தில் எழுதலாம், எழுதுங்கள், ஆனால் அதை மீறி விற்றுவிட்டால் குதிரையைத் திரும்பப் பெறுவது கடினம். 18, 20 வயதுப் போனியை லோனில் கொடுப்பதே மேல். தெரிந்த குடும்பம், அதே யார்டு என்றால் இன்னும் நல்லது. ஒப்பந்தத்தில் யார் ஏறலாம், எத்தனை கிலோ வரை, அவசரத்தில் உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் வெட்டிடம் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை வார அறிவிப்பில் திருப்பித் தரலாம் என்று இருக்கட்டும். பாஸ்போர்ட் குதிரை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் அதை லோனில் எடுப்பவரிடம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, உரிமையாளர் பெயர் உங்களுடையதாகவே பதிவில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.